ஈசாக் சாரின் வயிறும் இடப்பக்க பிரேக்கும்

பாறசாலையிலும் சுற்றுவட்டத்திலும் இன்று கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் ஈசாக்கிடம் திட்டு வாங்கிப் படித்தவர்கள். டிரைவிங் ஸ்கூல் தொடங்கிய காலத்திலேயே அவருக்கு நல்ல உடம்பு. வருடங்கள் போகப்போக உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. அவர் ஏறி உட்கார்ந்தால் கார் இடப்பக்கம் சரியும். படிக்கிறவர்கள் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தே பழகுவார்கள். டெஸ்ட் நாளில் மெலிந்த இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் வண்டி வலப்பக்கமாகப் போய் மைதானத்தில் நட்ட கம்பியைத் தட்டும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஈசாக் அதை மறுப்பார். மறுக்கும்போதே சிரித்துவிடுவார்.

சர்க்கரை ஏறியது, முட்டி தேய்ந்தது. குறட்டை தாங்காமல் மனைவி மினி ஹாலில் படுக்கத் தொடங்கினாள். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், உடம்பு குறைய ஆபரேஷன்தான் வழி என்றார். வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்கு ஆக்கிவிடுவோம் என்று படம் வரைந்து காட்டினார்.

ஈசாக் படத்தைக் கவனமாகப் பார்த்தார். "ஏத்தனா, மட்டியா டாக்டரே?"

ஏத்தன் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மட்டியைவிட ஏத்தன் பெரிய பழம்தான் என்று ஈசாக்குக்கு ஓர் ஆறுதல்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கஞ்சித்தண்ணீரில் தொடங்கி, மசித்த சோற்றுக்கு வந்து, சில மாதங்களில் ஈசாக் பாதி ஆளானார். வேதக்கோயிலில் அவரைப் புது ஆள் என்று நினைத்து ஒருவர் கைகொடுத்து வரவேற்றார். குறட்டை நின்றது, மினி கட்டிலுக்குத் திரும்பினாள். எல்லாம் சரிதான். ஆனால் ஈசாக் சாப்பிடும் வேகம் மட்டும் பழைய வேகம். வயிறு ஏத்தன்பழம் ஆனது அவர் வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

அதனால் வந்ததுதான் பிடிப்பு. அவசரமாக நாலு வாய் விழுங்கினால் போதும், நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு எழும். மூச்சு நிற்கும், பேச்சு வராது, கால் தானாக விறைக்கும். வீட்டில் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வண்டியில் அவர் காலுக்குக் கீழே இருந்தது, சொல்லிக்கொடுப்பவருக்கென்று இடப்பக்கம் வைத்த இரண்டாவது பிரேக்.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் திருப்புறத்து ஸ்ரீகுமாரி டீச்சர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எச் எழுத்து வடிவில் வண்டி ஓட்டிக் காட்டும் டெஸ்ட்டில் தோற்றவர், அதுவும் ஒரு தடவை அல்ல. வண்டி திடீரென்று குலுங்கி நிற்கும்போதெல்லாம் தன் தப்புதான் என்று நம்பி, "சாரி சாரே" என்பார். ஒருநாள் ஈசாக் வலியில் பேச முடியாமல், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலைக் காட்டினார். டீச்சர் உடனே முதல் கியர் போட்டு வண்டியை எடுத்தார்.

"டாக்டருக்க கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மினி பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அது கேஸ் டிரபிளாக்கும். நடந்தா போவும்."

"வயித்த டாக்டர் வெட்டுனாரு. நாக்க ஆரு வெட்டுவா?"

ஒருநாள் காலை, டீச்சர் வண்டியில் காத்திருக்க, ஈசாக் டீக்கடையில் நின்றபடியே, ஏத்தன்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியை வாயில் போட்டு, சூடு டீயை அதன்மேல் ஊற்றினார். காஞ்சிரங்குளம் சாலையில் கொஞ்ச தூரம் போவதற்குள் பிடித்தது. இதுவரை இல்லாத பிடி. சட்டை வியர்வையில் நனைந்தது. முகம் சாம்பல் நிறமானது.

"சாரே, நெஞ்சுவலியா?"

ஈசாக் இல்லை என்று தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் டீச்சர் ஆமாம் என்பதைத்தான் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார், வண்டியை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்.

வண்டி இரண்டாவது கியரில் அலறிக்கொண்டு போனது. ஈசாக் குனிந்தபடி முனகினார். "மூணு... மூணு..."

"மூணு தடவ வந்திட்டா? அத ஏன் நேரத்தே சொல்லாம இருந்திய?"

"கியரு டீச்சரே."

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு பாட்டியம்மா சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிக்கும்வரை டீச்சர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். ஈசாக் தன் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துப் பிரேக்கிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் ஒருவரை ஓட்ட விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை. ஒரு ஆம்புலன்சுக்கும் தூணுக்கும் நடுவில் மட்டும் சின்ன இடைவெளி. டீச்சர் திரும்பிப் பார்த்து, பின்னால் எடுத்து, ஒரே தடவையில் வண்டியை அதற்குள் வைத்தார். ஈசாக் வலியை மறந்து வெளியே எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சரிசமமாக இடம் இருந்தது.

"இத மைதானத்தில ஏன் செய்யல்ல?"

"அங்க நீங்க பேசிட்டே இருப்பிய சாரே."

இசிஜியில் ஒன்றும் இல்லை. இளம் டாக்டர் ஒருத்தி ஆபரேஷன் விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "எந்தா கழிச்சது?" என்று, என்ன சாப்பிட்டார் என்பதை மலையாளத்தில் விசாரித்தாள்.

"ஒரு பாதி பழம்பொரி."

"முழுசு" என்றார் ஸ்ரீகுமாரி டீச்சர். "நான் வண்டியில இருந்து கண்டேன். டீயும் உண்டு."

இரைப்பை இப்போது ஒரு குழாய் மாதிரி, மெல்லாமல் போட்டு மேலே டீயும் ஊற்றினால் அது இறுக்கிக்கொள்ளும் என்று டாக்டர் விளக்கினாள். கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீரோ டீயோ கூடாது, பிடித்தால் இளஞ்சூடு தண்ணீரைச் சிறு மிடறாகக் குடித்துப் பைய நடக்க வேண்டும். வலி விடாமல் நின்றாலோ வாந்தியோ காய்ச்சலோ வந்தாலோ நடையெல்லாம் போதாது, நேராக ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஓட வேண்டும். பிடிப்பைத் தளர்த்த ஒரு மாத்திரையும் எழுதினாள். அதற்குள் வந்துசேர்ந்திருந்த மினி இதையெல்லாம் வேதபாடம் போலக் கேட்டாள்.

அதன்பிறகு வீட்டில் ஈசாக்குக்குக் குழந்தைக் கரண்டி வந்தது. ஒரு இட்லியை அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மினி பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, இட்லிக்கு ஒரு புளிப்பு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது என்று சொன்னார். கள்ளிக்காடு என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அவர் மென்றுகொண்டே இருந்ததில் அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்று களைத்தார்கள். பிடிப்பு முழுசாகப் போகவில்லை. வந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுவார்.

ஸ்ரீகுமாரி டீச்சர் அடுத்த டெஸ்ட்டில் தேறினார். அதைக் கேட்ட மினி, தானும் படிக்கப்போவதாக அறிவித்தாள்.

"இத்தன வருசம் கேக்காம இப்ப எதுக்கு?"

"அடுத்த தடவ ஒங்கள ஆரு கொண்டு போவா? டீச்சரு எப்பவும் வருவாவளா?"

முதல் நாள் பாடத்தில் மினி ஒரு மின்கம்பத்தை மிக நெருக்கமாக உரசப்போனாள். ஈசாக் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது.

மினி திரும்பி முறைத்தாள். "இப்ப வயிறா, எனக்க குத்தமா?"

ஈசாக் அவள் முகத்தைப் பார்த்தார். "வயிறு" என்றார்.

"அப்பம் எறங்கி நடங்க."

வேறு வழியில்லாமல் ஈசாக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். மினி முதல் கியரில், ஜன்னலை இறக்கிவிட்டு, அவரை உரசாமல் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.