ஈர இலையைப் போட்டுக் காட்டுங்க

காதர் பாய் போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்... சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம்.

கொடைக்கானல் பஜாரில் தைலக்கடை வைத்திருந்தவர். பள்ளங்கியில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறோமே, அந்தச் சங்கத்துக்குத் தலைவர்.

செயலாளர் நான். பத்தாவதில் கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானவனுக்கு இந்தப் பதவி. சிரிக்க வேண்டாம், என் மகள் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

போன மழையில் ஒரு கம்பெனிக்காரர் லேப்டாப்போடு வந்தார். புது மெஷின், டீசல் பாய்லர். எங்கள் அடுப்பைவிட இரண்டு மடங்கு தைலம் வருமாம். கொட்டகையை அடகு வைத்து லோன் போட்டால் போதுமாம்.

டெமோவில் தைலம் கொட்டியது. எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான். போட்டோ இருக்கிறது.

கம்பெனிக்காரர் கொண்டுவந்த மூட்டையிலிருந்து பாய் ஒரு இலையை எடுத்துக் கசக்கினார். அப்பளமாக நொறுங்கியது.

"தம்பி, இது காய வச்ச இலையா?"

"ஆமா பாய், மலைக்குக் கீழயிருந்து கொண்டாந்தோம்."

"தண்ணி பூராம் போன பெறகு எடை போட்டா, கிலோவுக்குத் தைலம் கூடத்தான் தெரியும். நாங்க காய்ச்சுறது மழையில நனைஞ்ச இலை. அதப் போட்டுக் காட்டுங்க."

"ஏன் பாய், வந்தவரப் போயி..." என்று இழுத்தேன்.

"செயலாளரே, நீங்க மொதல்ல கையக் கீழ போடுங்க."

ஈர இலையைப் போட்டோம். எங்கள் அடுப்பில் வருகிற அதே அளவுதான் வந்தது. எங்கள் அடுப்பு, காய்ச்சி முடிந்த சக்கையிலேயே எரியும். அவர் மெஷினோ டீசல் டிரம்மைக் காலி செய்துவிட்டு நின்றது.

"மழை நின்னா ரிசல்ட் மாறும் பாய்."

"எங்க ஊருல மழை நின்னா சொல்லி அனுப்புறோம் தம்பி."

கம்பெனிக்காரர் அன்று கிளம்பிப் போனவர்தான். இப்போது திரும்ப வந்திருக்கிறார். திங்கட்கிழமை மீட்டிங். சங்கத்தில் பாதிப் பேர் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடத் தயார்.

நேற்று ஆஸ்பத்திரியில், மூக்கில் ட்யூபோடு பாய் கேட்டார்: "மீட்டிங் என்னைக்கு?"

"திங்கக்கெழம பாய்."

"கைதட்டிராதீங்க."

நர்ஸ் எங்கள் இருவரையும் முறைத்தார். அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்கிறோம்...

இன்று அவர் வீட்டு வாசலில் நிற்கிறபோதே கம்பெனிக்காரர் போன் செய்தார். "ரொம்ப வருத்தம் சார். திங்கக்கிழமை முடிச்சிரலாம்ல? இனிமே குறுக்க யாரும் இல்லையே."

நான் இருக்கேன்யா.

போனிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். அந்தக் கொட்டகை அடகுக்குப் போகாது. மெஷினை விற்க வேண்டுமா? வரட்டும். அடக்கம் முடிந்ததும் நானே போய் நாலு மூட்டை இலை வெட்டி, தார்ப்பாய் போடாமல் மழையிலேயே கிடத்தப் போகிறேன். அதைப் போட்டுக் காட்டட்டும்.

வெளியே இப்போதும் மழைதான் பாய், நிற்கவில்லை.

நிம்மதியாப் போங்க. திங்கட்கிழமை என் கை ரெண்டும் மடியிலேயே கெடக்கும்.