குனியுங்கள் என்று ஒரு வார்த்தை

1930களில் ஒருமுறை, கட்டணம் வாங்கிக்கொண்டு வானத்தில் சுற்றிக்காட்டும் சின்ன விமானம் ஒன்று கோயமுத்தூருக்கு வந்தது. நானும் என் கணவரும் ஆசைப்பட்டு ஏறினோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். விமானியின் பக்கத்தில் இருந்த உதவியாள் நம்மூர்க்காரர்.

சூலூருக்கு மேலே எஞ்சின் சட்டென்று நின்றுபோனது. இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில் உதவியாள் திரும்பி, வெள்ளைக்காரரிடம் மட்டும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் உடனே குனிந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டார். எங்களைப் பார்த்து உதவியாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நாங்கள் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தோம்.

விமானம் ஒரு சோளக்காட்டில் மோதி நின்றது. முன்னாலிருந்த கம்பியில் முகம் இடித்து என் கணவரின் மூக்கு உடைந்தது; சட்டையெல்லாம் ரத்தம். வெள்ளைக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“ஏனுங்க, எங்களையும் குனியச் சொல்லியிருக்கலாமுல்லீங்க?” என்று உதவியாளிடம் கேட்டேன்.

“சொன்னா பயந்து கூச்சல் போட்டிருப்பீங்க அம்மணி.”

“இத்தனை நடந்தும் நான் கூச்சல் போட்டனுங்களா?”



மூக்கு கோணலாகத்தான் ஆறியது. கணவர் அந்த ஆளை அன்றே மன்னித்துவிட்டார். என்னால் முடியவில்லை. ஆபத்தைத் தாங்கும் தைரியம் எங்களுக்கு இருக்காது என்று, எங்களைக் கேட்காமலே அவர் முடிவு செய்தாரே, அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.