கோட்டைக்குள் மருந்து அறை

தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளைக் கொஞ்ச நாள் பூட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா பகல் வெளிச்சத்தில் தென்படுவது அப்போதுதான். மற்ற நாளெல்லாம் விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிப் போய், உடம்பெல்லாம் பட்டாசு மருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி மினுங்க இருட்டிய பிறகு வருவாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது, குளிக்கும்வரை தொடவிடமாட்டாள். குளித்து வருவதற்குள் நான் தூங்கிப்போவேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவளுக்காக ஏங்கிக் கிடந்தேன்.

அந்த வருடம் மாமா தன் லோடு ஆட்டோவில் எங்கள் இருவரையும் தாயில்பட்டிக்கு அப்பால் ஒரு இடிந்த கோட்டைக்குக் கூட்டிப்போனார். மாமாவுக்கு ஆட்டோவைவிட வாய் வேகமாக ஓடும். மிச்சமிருந்த பாதி மதிலைக் காட்டி, யானை நின்ற இடம், ராணி குளித்த இடம் என்று கூடவே இருந்தவர்போல அளந்தார். எனக்கு எதுவும் ஏறவில்லை. எங்காவது நிழலில் அம்மா உட்கார வேண்டும், நான் அவள் மடியில் படுக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தேன்.

மதிலை ஒட்டி ஒரு கல் அறை இருந்தது. உள்ளே ஜில்லென்றிருந்தது. நான் முந்தானையைப் பிடித்து இழுக்க, அம்மாவும் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்த நேரம் பார்த்து மாமா, "இங்கனதான் அந்தக் காலத்துல பீரங்கி மருந்து வச்சிருந்தாக" என்றார்.

அம்மா சட்டென்று நின்று, கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றினாள். என்னையும் கழற்றச் சொன்னாள். மாமாவின் செல்போனையும் தீப்பெட்டியையும் பிடுங்கி, தள்ளியிருந்த ஒரு கல்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"எக்கா, ராசாவே போயிச் சேந்துட்டாக. அந்த மருந்தா இன்னும் வெடிக்கப் போகுது?" மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் தலையை மட்டும் உள்ளே நீட்டி நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏலே, ஒரு வாசல்தான இருக்கு. உள்ள வேலை பாத்தவுக எப்படிலே வெளிய ஓடுவாக?"

ராணி குளித்த இடம்வரை தெரிந்த மாமாவுக்கு இது தெரியவில்லை.

"வா தாயி, அங்கன உக்காருவோம்" என்று வெட்டவெளியில் கிடந்த கல்லைக் காட்டினாள். அழுது பார்த்தேன், மசியவில்லை. மடி கிடைத்தது, வெயிலில் படுக்கத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மடிக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

ஒரு பாழடைந்த அறைக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாளே என்று அன்று எனக்கு ஒரே எரிச்சல். சீக்கிரமே கம்பெனி திறந்தது, வேன் வந்தது. அம்மா ஏறிப் போனாள். அங்கேயும் அவள் உட்காருமுன் முதலில் வாசலைத்தான் பார்ப்பாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.