அம்மா கழுவிக் கவிழ்த்த பாசி

ஐந்தருவிக்குப் போகிற வழியில், நீர் கசியும் ஒரு படிக்கட்டுச் சுவரில் சுரண்டி எடுத்தது அது. ஊர் வாயில் பாசி. என் தொழிலில் சயனோபாக்டீரியா. தென்காசியில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் ஆய்வகத்தில், நுண்ணோக்கிக்குக் கீழே முதலில் பார்த்தபோதே கை பரபரத்தது. ஓர் உறைக்குள் ஏழெட்டு நீலப்பச்சை இழைகள். அதுவரை தெரிந்த குடும்பம்தான். ஆனால் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அப்படி நுனி கிடையாது. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது: இது தனிக்கிளை. அடேயப்பா! உலகத்தில் யாரும் பேர் வைக்காத ஓர் உயிர், என் குடுவையில்!

பேர் வைக்க ஒரு விதி உண்டு. மாதிரியைப் பதப்படுத்திக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். மாதிரி இல்லையேல் பேரும் இல்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் கல்லூரியில் நாள்கணக்கில் மின்தடை. வெளிச்சமில்லாமல் அது வளராது. குடுவைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களை ஜன்னலில் வைத்தேன்.

அங்கேதான் வினை. என் அம்மாவுக்குப் பாசி என்றால் ஜென்மப் பகை. சாரல் தொடங்கினால் தேய்க்கிற பிரஷ் அவள் கையை விட்டு இறங்காது. மாலையில் நான் வந்தபோது குடுவைகள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன.

"ஏட்டி, பாசி பிடிச்சு நாறிட்டுல்லா கெடந்துச்சு! எல்லாத்தையும் வெளக்கிட்டேன். எப்படி மின்னுதுன்னு பாரு!"

"எம்மா, கெடுத்தியே காரியத்த!" என்று கத்திவிட்டு மறுபடி சுரண்டி எடுக்க ஸ்கூட்டரில் குற்றாலத்துக்குப் பறந்தேன். சீசனுக்கு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதென்று படிக்கட்டையும் சுவரையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெறும் கல்தான் மிச்சம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் அம்மா சாப்பிடாமல் இருந்தாள். "அந்தத் தண்ணிய எங்கன ஊத்துன?" என்றேன். துவைக்கிற கல்லைக் காட்டினாள். "இனி அந்தப் பக்கம் பிரஷ் போகக்கூடாது" என்றேன். தலையாட்டினாள்.

சாரல் பிடித்துக்கொண்டது. கல்லின் அடியில் மெல்ல வழுக்கல் படர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஊர்ப்பட்ட பாசியும் அழுக்கும். நடுவே, ஐயோ, அந்தக் கொக்கி நுனி! தட்டில் வைத்துக் கறுப்புத் தாளால் மூடி, ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். இந்த இழைகள் வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து போகும். அழுக்கு பின்னாலேயே தங்கிவிடும். காலையில் தாளை எடுத்தால், ஓட்டைக்கு நேரே சுத்தமாக வந்து நிற்கின்றன! அம்மாவை இழுத்து வந்து நுண்ணோக்கியில் காட்டினேன்.

"ஏ ஆத்தா, நடக்குதுல்லா!" என்று துள்ளினாள்.

மரபணுவும் பொருந்தியது. மாதிரி காப்பகம் போய்ச் சேர்ந்தது. குற்றாலத்தின் பேரையே வைத்தேன்.

போன வாரம் இலத்தூரிலிருந்து சித்தி வந்தாள். துவைக்கிற கல்லைப் பார்த்து, "என்னக்கா, ஒன் வீட்டுலயா பாசி?" என்று காலால் தேய்க்கப் போனாள். அம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"மிதிச்சிராதட்டி! எம்மவ பேரு வச்ச புள்ள அது."