இடது காலில் ஒரு கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது. அந்தக் காலில்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

1999. கரியாஹாட்டில் மினிபஸ் இடித்து முதுகுத்தண்டு நசுங்கிப்போய், லேக் கார்டன்ஸ் ஃபிளாட்டில் நான் படுத்த படுக்கையாக இருந்த வருஷம். அசையாத காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிர் போய்விடும். அப்படி உறையாமல் இருக்க ஒரு மெஷின் உண்டு. இரண்டு காலிலும் உறைகளைச் சுற்றி, குழாய் வழியாகக் காற்றடிக்கும். உறை உப்பி காலைப் பிழியும். பிறகு தளரும். உஸ்... டக். உஸ்... டக்.

அந்த மெஷினை என் கணவர் வைத்தீஸ்வரன் அடுத்த தெரு சாவித்ரி மாமியிடமிருந்து வாங்கி வந்தார். மாமியின் மருமகள் பத்மஜாவுக்கும் என்னைப் போலத்தான், முதுகில் அடி. "அவளுக்கு நன்னா ஆயிடுத்து. பாலக்காட்டுக்குப் போயிட்டா. இனிமே அவாளுக்கு இது வேண்டாமாம்" என்றார். எனக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது தெரியுமா? அவளே எழுந்துவிட்டாள் என்றால், நானும் எழுந்துவிடுவேன்.

ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. மதியம் மூன்று மணிக்கு அவர் என் இரண்டு காலிலும் உறையை மாட்டி, மேலே போர்வையைப் போர்த்தினார்.

"மருந்துக் கடைக்குப் போறேன். பத்து நிமிஷம்."

"ஃபோனைக் கிட்டக்க வெச்சுட்டுப் போங்கோளேன்."

கதவை வெளியே பூட்டும் சத்தம் கேட்டது.

நாலு மணி ஆயிற்று. அவர் வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. மழைச் சத்தத்தில் மெஷின் மட்டும் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. உஸ்... டக். வலது. உஸ்... டக். இடது.

திடீரென்று ஒரு சத்தம் குறைந்தது.

வலது காலில் உஸ். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி வலது. இடது கால் ஊமையாகிவிட்டது. குழாய் கழன்றிருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது போர்வை அசைந்தது. ஜன்னல் மூடியிருந்தது.

என் இடது கணுக்காலை யாரோ பிடித்தார்கள்.

எனக்குத் தெரிந்தது! ஐந்து மாதமாகச் செத்துக்கிடந்த காலில்... ஐந்து விரல்கள். ஐஸ் மாதிரி.

"மாஷிமா!" பக்கத்து ஃபிளாட் வங்காளி அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். மழை என் குரலை விழுங்கியது.

டர்ர்ர்...

உறையின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிறார்கள்.

"வேண்டாம்... கழட்டாதே... நான் செத்துப்போயிடுவேன்..."

டர்ர்ர்...

உறை கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது.

கை போகவில்லை. என் காலின் மேலேயே இருந்தது. வெகு நேரம்.

சாவி திரும்பியது.

கை இறுகியது.

அவர் வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"நீ... முழிச்சிண்டா இருக்கே?"

தரையில் கிடந்த உறையைப் பார்த்தார்.

"யார் கழட்டினா?"

"தெரியலே."

அதை எடுத்து மறுபடி மாட்டக் குனிந்தார். அவர் விரல் என் பாதத்தில் பட்டது. சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று இரவு முழுக்க அந்த அறைக்குள் வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் மித்ரா வந்தார். இடது காலை அழுத்திப் பார்த்துவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"நான் முந்தாநாள் சொன்னபடியே கழற்றிவிட்டீர்கள், நல்லது. இந்த வீக்கத்தோடு மெஷின் போட்டிருந்தால் ஆபத்து. இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடலாம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஸ்கேனில் தெரிந்தது. இடது தொடை வரை ரத்தக்கட்டி. மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் பிழிந்திருந்தால் அது நெஞ்சுக்கு ஏறியிருக்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் அந்த ஃபிளாட்டுக்குத் திரும்பவில்லை. தம்பி சிவராம் என்னை சால்ட் லேக்கில் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். அந்தக் காலில் அதற்குப் பிறகு எனக்கு எந்த உணர்ச்சியும் வந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து சாவித்ரி மாமி என்னைப் பார்க்க வந்தாள். பத்மஜா பாலக்காட்டில் சௌக்கியமா என்று கேட்டேன்.

மாமி விழித்தாள்.

"பாலக்காடா? அவதான் போயிட்டாளேடி, நாகு... காலிலே கட்டி இருந்தது எங்களுக்குத் தெரியலே. மெஷின் ஓடிண்டிருக்கறச்சேயே மூச்சு நின்னுடுத்து."

நான் என் இடது காலைப் பார்த்தேன்.

"உங்காத்துக்காரர் சொல்லலையா? மெஷினை எப்படி மாட்டறதுன்னு கத்துக்க அன்னிக்கு அவர்தானே வந்திருந்தார். அவ போறப்போ அவர் அந்தக் கட்டில் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தார்."