கா என்றால் மீன்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம் நான் முதன்முதலாக மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தேன். ஊர் வீராம்பட்டினம். படிப்பு அஞ்சாம் வகுப்பு. மாமியாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் அவர் விற்றுக்கொண்டிருந்த தெரு எனக்கு வந்தது. எங்கள் வியாபாரத்தில் தெரு என்பது நிலம் மாதிரி. ஒருத்தி தெருவில் இன்னொருத்தி கூடையை இறக்கக் கூடாது. பக்கத்துத் தெரு ராஜாம்பாளுடையது. அவளுக்கும் எங்கள் வீட்டுக்கும் மாமியார் காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது.

அன்றைக்குத் தெருவின் கோடி வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். சிவந்த மேனி, சின்னக் கண், தொளதொளவென்று கறுப்புக் கால்சட்டை. என்னைப் பார்த்து, "கா! கா!" என்றாள்.

நான் மேலே பார்த்தேன், காக்காய் ஏதாவது கூடையில் கை வைக்கிறதா என்று. அமாவாசைக்குச் சோறு வைத்து நாங்கள் அப்படித்தானே கூப்பிடுவோம். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால் "உன்கூட கா" என்று விரலை நீட்டும். அம்மன் முன்னால் நிற்கும்போது, தாயே எங்களைக் கா என்று நானே கேட்டிருக்கிறேன். இது அதில் எதிலும் சேரவில்லை. அவள் கூடை மூடியைத் தொட்டாள். பின்னாலேயே வந்த அவள் புருஷன் சிரித்தார். அவர் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; தெருவில் அவருக்கு அதுவே பேர்.

"அவ பாஷையில மீனுக்குத்தாம்மா கான்னு பேரு" என்றார்.

அவள் பெயர் ஹோவா. மறுநாளிலிருந்து நானும் அவள் வாசலில் கா, கா என்றே குரல் கொடுத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குரலை மேலே தூக்கினால்தான் மீனாம். கீழே இறக்கினால் கத்திரிக்காய். தொண்டையில் கொஞ்சம் அழுத்தி இறக்கினால் கோழி. இத்தனை நாளாக நான் கத்திரிக்காய் விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன். தெருமுனையில் காய்கறி வைத்திருந்த கனகு அதற்கு ஒன்று சொன்னாள்: "மீனும் கா, கத்திரிக்காயும் கா. ஒரே கொரல்ல ரெண்டு பேரையும் கூப்ட்டு வேலைய முடிச்சிக்கிது பாரு, கெட்டிக்காரி."

ஹோவா எனக்கு நல்ல வாடிக்கை. யாரும் கேட்காத பொடி நெத்திலியை மொத்தமாக வாங்கி, உப்புப் போட்டு ஜாடியில் ஊறவைப்பாள். அந்தத் தண்ணீர்தான் அவர்கள் சோற்றுக்குக் குழம்பு. நாற்றம் தெருவுக்கே தெரியும். எனக்கென்ன, கூடையின் அடி காலியாகிவிடும். அந்த ஒரு வீடு போனால் மிச்சமாகும் நெத்திலியை மணலில் காயப்போட வேண்டியதுதான்.

காப்புக் கட்டிய வாரம்

ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்குத் திருவிழா. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் காற்றில் அகப்பட்டு, கட்டுமரம் திசைமாறிப் போய், தாயின் கருணையால் கரை சேர்ந்திருந்தார். காப்புக் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கட்டினால் தேர் முடியும்வரை மீனைத் தொடக் கூடாது, விற்கக் கூடாது. வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டுக் கடைசியாக ஹோவா வீட்டுக்குப் போய் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினேன். தேர் வரைக்கும் மீன் இல்லை என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா செத்து ஒரு வருசம். வெள்ளி. மீனு வேணும். தல, வாலு, எல்லாம் முழுசு. நான் போகல அக்கா. கப்பல் தூரம்."

தாயின் சாவுக்குப் போகமுடியாதவள், திதிக்காவது முழு மீன் வைத்துக் கும்பிட நினைக்கிறாள். சொல்தா உள்ளே இருந்தபடியே, மார்க்கெட்டில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம், விடு என்றார். அவள் தலையை ஆட்டினாள். மார்க்கெட்டில் அவள் மூக்கைப் பார்த்துச் சிரிப்பார்கள், பழசைத் தள்ளிவிடுவார்கள். அது எனக்கே தெரியும்.

காப்பை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த வாக்கு அது, புருஷனைத் திருப்பிக் கொடுத்தவளுக்குக் கொடுத்தது. ஆனால் ஒரு மகள் தன் தாய்க்குப் படைப்பதைத் தடுத்து எனக்கு ஒரு விரதம் வேண்டும் என்று எங்கள் அம்மன் கேட்கமாட்டாள் என்பதும் எனக்கு உறுதி. அப்படியானால் வழி ஒன்றுதான். மறுநாள் காலை ராஜாம்பாளிடம் போனேன். அவள் வேறு குப்பத்துக்காரி, அவளுக்குக் காப்பு இல்லை.

"இன்னாடி, வெறுங்கையோட சண்டைக்கு வந்தியா?" என்றாள்.

சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் தெருவுல என் கூடைய எறக்கச் சொல்ற. யோசிச்சிக்கோ. ஒரு நாளு எறங்கின கூட, மறுநாளும் எறங்கும்."

"எறங்கினா எறங்கட்டும். வெள்ளிக்கிழம முழுக் கொடுவா ஒண்ணு, அன்னிக்குப் புடிச்சதா குடு. செதில் மட்டும் எடு. துடுப்பக்கூட வெட்டாத. அவ கான்னு கொரல மேல தூக்கிக் கேட்டா மீனு, கீழ எறக்கிக் கேட்டா கத்திரிக்கா. கத்திரிக்கா கேட்டா கனகுகிட்ட அனுப்பு."

"எனக்கே பாடம் எடுக்கிற" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றும்போதும் என் நினைப்பு கோடி வீட்டிலேயே இருந்தது. தாயே, அவள் போயிருக்கவேண்டும் என்று ஒரு தரமும், போனவள் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஒரு தரமும் கும்பிட்டேன்.

தேர் முடிந்து, காப்பை அவிழ்த்து, மறுநாள் கூடையோடு போனேன். ஹோவா வாசலில் ராஜாம்பாளின் கூடை இருந்தது. நான் என் கூடையை இறக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஹோவா எழுந்து வந்து என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு இல்லை என்றதும் தானே கைகொடுத்து என் கூடையை இறக்கினாள்.

ராஜாம்பாள் என்னைப் பார்க்காமல் பேசினாள். வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் வாலில் கத்தியை வைத்தாளாம், ஹோவா கையைப் பிடித்துக்கொண்டாளாம். பிறகு போகவிடாமல் உள்ளே உட்காரவைத்திருக்கிறாள். தாயின் படம், ஊதுவத்தி, முன்னால் முழுக் கொடுவா.

"தரையில நெத்தி வச்சிக் கும்புட்டுதுடி. எங்க ஆத்தா போயி எத்தினி வருசம், நான் ஒரு துண்டு மீனு வச்சதில்ல" என்றாள் ராஜாம்பாள். தன் கூடையைத் தூக்கிக்கொண்டே, "வெள்ளிக்கிழம உனக்குக் கோயிலு. அன்னிக்கு மட்டும் நான் வரேன். மத்த நாளு உன் தெரு. இன்னா சொல்ற?" என்றாள்.

முடியாது என்றிருக்கலாம், தெரு என்னுடையது. சரி என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது, ஆனால் பேசாமல் இருந்ததில்லை.

கூடை எடுக்கப்போகும் பெண்களுக்கு நான் சொல்வது இது. நாலு பாஷைக்காரர் நடமாடும் ஊர் இது. வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள், குரலைத் தூக்கவும் இறக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கா என்றால் மீன் என்று தெரிந்துவிட்டதாலேயே வியாபாரம் தெரிந்துவிடாது. எதற்கு மீன் என்று கேளுங்கள். பிள்ளை பெற்றவளுக்கா, பால்சுறா கொடுங்கள். காய்ச்சல்காரருக்கா, முள் இல்லாததாகப் பார்த்துக் கொடுங்கள். செத்தவர்களுக்கா, உங்கள் கூடையில் இல்லாவிட்டால் இருக்கிறவளின் வீட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள், அவள் உங்கள் எதிரியாக இருந்தாலும்.