ஒட்டு மீசை இல்லாத வேஷம்

கலியமூர்த்தி விருத்தாசலத்துக்காரர். மத்திய அரசில் குமாஸ்தாவாக வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவர், செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு மனைவி பவுனுவுடன் முனிர்காவில் ஒரு மாடி ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். ஒரே மகள் கவிதா கல்யாணமாகி நொய்டாவில் இருந்தாள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆபீஸ் விட்டு வந்தால் பேப்பர், சாப்பாடு, டிவி செய்தி, தூக்கம். பவுனு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இடைவெளி பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான புதிதில், தமிழர்கள் நடத்திய ஒரு விழாவில் இருவரும் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் பார்த்தார்கள். பட்டிக்காட்டான் என்று புருஷனை ஒதுக்கிவைக்கிற படித்த பெண். அவன் ஒட்டு மீசையும் கண்ணாடியுமாக ரேடியோ ரிப்பேர்காரனாகத் தன் வீட்டுக்கே வருகிறான். ஒரு கோளாறைச் சரிசெய்து, இன்னொன்றை உண்டாக்கிவிட்டுப் போகிறான், மறுநாளும் வர வேண்டுமே. அவள் ரேடியோக்காரனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கடைசியில் மீசை பாயசத்தில் விழுகிறது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வரை பவுனு சிரித்துக்கொண்டே வந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் பவுனுவுக்கு மறதி வந்தது. முதலில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பிறகு கவிதாவைச் செத்துப்போன தன் அக்கா பெயரால் கூப்பிட்டாள். ஒரு குளிர்காலக் காலையில் கலியமூர்த்தி பால் வாங்கிக்கொண்டு வந்து மணி அடித்தபோது, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கோன் ஹை?" என்று ஹிந்தியில், யாரோ அந்நியரைக் கேட்பது போலக் கேட்டாள்.

"நான்தான் பவுனு."

கதவு மூடிக்கொண்டது. அவர் படிக்கட்டில் நின்றார். மறுபடி மணி அடித்தார். உள்ளேயிருந்து, "கீசர் ரிப்பேருக்கா பையா?" என்று ஹிந்தியிலேயே கேட்டாள். வெந்நீர் கீசரில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் வெளியே குளிர் தாங்கவில்லை. "ஹாஞ்ஜி" என்று ஆமாம் போட்டார். கதவு திறந்தது.

குளியலறையில் சுவிட்சைப் போட்டு அணைத்துவிட்டு வெளியே வந்து, பழக்கத்தில் தமிழில், "சரியாயிடுச்சு" என்றார். பவுனுவின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க தமிழாளா? எந்தூரு? ஒக்காருங்க, டீ போடறேன். பேரு என்னா?"

"அருள்ராஜ்" என்றார். வாயில் வந்த பெயர் அது.

டாக்டரிடம் சொன்னபோது அவர் அதைத் தவறென்று சொல்லவில்லை. மறுத்துப் பேசாதீர்கள், உங்கள் மனைவி மனதால் எங்கே இருக்கிறாரோ அங்கே நீங்கள் போங்கள் என்றார். சில நாட்களில் விடியும்போது கலியமூர்த்தி அவளுக்குப் புருஷனாக இருப்பார், வெயில் ஏறுவதற்குள் மெக்கானிக் ஆகிவிடுவார். போகப் போக மெக்கானிக் மட்டுமே மிஞ்சினார். இரவில், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஹால் சோபாவில் படுத்துக்கொண்டார்.

அருள்ராஜிடம் பவுனு நிறையப் பேசினாள். புருஷனிடம் சொல்லாததையெல்லாம் பேசினாள்.

"எங்க வூட்டுக்காரரு நல்லவருதாங்க. குடி, சீட்டு எதுவும் கெடையாது. ஆனா சாப்புடறப்பக்கூட பேப்பரைத்தான் பாப்பாரு. எதிர்ல ஒருத்தி ஒக்காந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியாது."

கலியமூர்த்தி கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமானால் அவளுக்குப் பரபரப்பு வந்துவிடும். பால்கனியில் நின்று பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். "இன்னும் வரலியே" என்பாள். அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் அவர் நின்றிருப்பார்.

ஒரு சாயங்காலம் அது அவருக்குத் தாங்கவில்லை. கல்யாண ஃபோட்டோவை எடுத்து முகத்தோரம் வைத்துக்கொண்டு, "நல்லாப் பாரு பவுனு, நான்தான் உன் வீட்டுக்காரன். வந்துட்டேன்" என்றார்.

அவள் ஃபோட்டோவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அவரை என்னா பண்ணினே?"

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். இந்த ஆள் என் புருஷனை என்னவோ செய்துவிட்டான் என்று ஹிந்தியிலும் தமிழிலுமாக அலறினாள். கூட்டம் கூடியது. கீழ் வீட்டு அம்மாள்தான் கட்டிப்பிடித்து உட்கார வைத்தாள். விஷயம் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரியாதவர்கள் கலியமூர்த்தியை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவரால் முழுவதாகத் தள்ளிவிட முடியவில்லை. அவள் தேடுகிற அந்தப் புருஷனைத் தான் என்னதான் செய்தோம் என்று நினைத்தபடி பல நாள் விழித்துக் கிடந்தார். அதன் பிறகு உண்மையைச் சொல்ல முயலவே இல்லை.

போன வருஷம் கவிதா வந்திருந்தபோது அந்தப் பழைய படத்தை யூடியூபில் தேடி டிவியில் போட்டாள். பவுனு அருள்ராஜுக்கும் ஒரு நாற்காலி போட்டாள். மீசை பாயசத்தில் விழுந்தது. கவிதா சிரித்தாள். பவுனு சிரிக்கவில்லை.

"பாவம், அந்த ரேடியோக்காரன்" என்றாள். "இனிமே அவன் எங்க போவான்?"

மறுநாள் அவள் தூங்கும்போது கலியமூர்த்தி கைபேசியில் அந்தப் படத்தின் கீழே எழுதியிருந்த கருத்துகளைப் படித்தார். அம்மாவோடு பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று ஒருவர். பெண்டாட்டியைச் சோதிக்க இவன் யார் என்று ஒரு பெண். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், தெரிந்துதான் விளையாடுகிறாள் என்று இன்னொரு பெண். நிறையப் பேருக்குப் பிடித்திருந்த கருத்து இது: "மீசை ஒட்டினா சொந்தப் புருஷனைத் தெரியாதா? காதுல பூ சுத்தாதீங்க."

அதன் கீழே அவர் தட்டுத்தடுமாறி, "மீசை ஒட்டாவிட்டாலும் தெரியாமல் போகும். நடக்கிறது" என்று எழுதினார். சற்று நேரத்தில் யாரோ பதில் போட்டார்கள்: "காமெடி படத்துக்கு இவ்ளோ சீரியஸா அங்கிள்?" கூடவே நாலு சிரிக்கும் முகங்கள். தெரிந்துதான் விளையாடுகிறாள் என்ற வரியை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். எழுந்து போய்த் தூங்குகிறவளின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

இந்த வருஷம் குளிர் குறைந்தபோது, பவுனு பால்கனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"உங்க வூட்டுக்காரரு இன்னும் வரலீங்களா?"

"யாரு?" என்றாள்.

அவள் எதிரே உட்கார்ந்தார். விருத்தாசலத்திலிருந்து டெல்லிக்கு வந்த கலியமூர்த்தி என்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பவுனு என்கிற பெண்ணைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப்போனதையும், அதை அவளிடம் சொல்ல வாய் வராததையும், அவள் சமைத்ததை அவர் ஒருநாளும் மிச்சம் வைக்காததையும் சொன்னார். அவ்வளவு பேச்சு அவர் வாழ்நாளில் பேசியதில்லை. அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனுஷராட்டம் இருக்காரே. இப்ப எங்க இருக்காரு?"

"ஆபீஸ் போயிருக்காரும்மா" என்றார்.

"அச்சா" என்று தலையாட்டிவிட்டு, அவள் அருள்ராஜுக்கு டீ போட எழுந்து போனாள்.